டத்தோ பேசி முடிக்கும் வரை சோறு ஆறக்கூடாது

பட்டர்வொர்த்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் தங்கச்சி ஒருத்தி போன வாரம் ஃபோன் பண்ணினாள். "அக்கா, ஆயிரம் பேர் கல்யாணத்துக்கே சமைச்சுப் போடுறோம். இப்ப பினாங்குத் தீவுல ஒரு டின்னர் வந்திருக்கு, 240 பேர்தான். டத்தோ, டான்ஸ்ரீன்னு அரசுப் பட்டம் வாங்கினவங்க எல்லாம் வராங்களாம். எடுக்கலாமா?" எடு என்றேன். அந்த 'தான்' மட்டும் வேண்டாம் என்றேன்.

கல்யாணத்தில் ஏழு மணிக்கு ஒரு கூட்டம் வரும், ஏழரைக்கு ஒரு கூட்டம் வரும். சாப்பிட்டவர் எழுந்து போவார், வந்தவர் உட்காருவார். சாம்பார் வர ஐந்து நிமிடம் பிந்தினால் மாமா ஒருவர் சத்தம் போடுவார், அவ்வளவுதான். பெரிய இடத்து டின்னரில் 240 பேரும் ஒரே நேரத்தில் உட்காருவார்கள், ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். அது எந்த நேரம் என்பது உங்கள் கையில் இருக்காது. சிறப்பு விருந்தினரின் காரும், மேடையில் மைக் பிடித்தவரின் கையில் இருக்கும் தாளின் கனமும்தான் அதை முடிவு செய்யும்.

பத்து ஃபெரிங்கிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலின் விருந்துப் பிரிவில் 11 ஆண்டு வேலை பார்த்தேன். தட்டுத் தூக்குபவளாகச் சேர்ந்து கேப்டனாக வெளியே வந்தேன். பிறகு தம்பியோடு சேர்ந்து பிறை என்ற ஊரில் சொந்தச் சமையல்கூடம். அவன் உப்பைப் பார்ப்பான், நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். தங்கச்சிக்கு ஃபோனில் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது

ஏற்பாட்டாளர் உட்கார்ந்ததும் மெனுவில்தான் ஆரம்பிப்பார். நீங்கள் நிகழ்ச்சி நிரலைக் கேளுங்கள். சிறப்பு விருந்தினர் எத்தனை மணிக்கு வருகிறார் என்பதைவிட எத்தனை மணிக்கு நாற்காலியில் உட்காருவார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் வரவேற்பு, படம் எடுப்பது, தேசிய கீதமான நெகாராகூ, துவா பிரார்த்தனை என்று அரை மணி நேரம் ஓடிவிடும். எத்தனை பேர் பேசுகிறார்கள்? சாப்பாட்டுக்கு முன்னாலா, நடுவிலா? நடனம் உண்டா? நடனத்தின்போது விளக்கை அணைப்பார்களா? அணைத்தால் அந்தப் பத்து நிமிடமும் உங்கள் ஆட்கள் தட்டோடு உள்ளே நடக்க முடியாது. இதையெல்லாம் கேட்டு எழுதி, கடைசியில் வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று ஒரு பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யார் யாரைக் குறை சொன்னாலும் அந்த "சரி" உங்களைக் காப்பாற்றும்.

நம் ஊரில் இப்படிப்பட்ட டின்னர் அழைப்பிதழ்களில் பெரும்பாலும் எட்டு மணி, எட்டரை என்று இருப்பதற்குக் காரணம் உண்டு. முஸ்லிம் விருந்தினர்கள் அந்தி நேரத்து மக்ரிப் தொழுதுவிட்டு வருவதற்கான இடைவெளி அது. யாராவது புதிதாக ஏழு மணி என்று போட்டிருந்தால் மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். ஏழுக்கு அழைத்தாலும் பாதி மேசை எட்டுக்குத்தான் நிறையும். நோன்பு மாதத்தில் கணக்கு தலைகீழ். பாங்கு சொல்லும் அந்த நிமிடம் பேரீச்சம்பழமும் தண்ணீரும் மேசையில் இருந்தே ஆக வேண்டும். அப்புறம் அவர்கள் தொழுதுவிட்டு வருவார்கள், சூடான சாப்பாடு அதன் பிறகு. எந்தப் பேச்சாளராலும் தள்ளிப்போட முடியாத ஒரே சாப்பாட்டு நேரம் அதுதான். எனக்கு மிகவும் பிடித்த டின்னரும் அதுதான்!

ஹலால் விஷயத்தில் மழுப்பாதீர்கள். பன்றி இறைச்சி சேர்ப்பதில்லை என்று எழுதி ஒட்டினால் அது ஹலால் ஆகிவிடாது. சான்றிதழ் தருவது மலேசிய அரசின் இஸ்லாமியத் துறையான ஜாக்கிமும் மாநில இஸ்லாமிய சமயத் துறைகளும். சொந்தக்காரர் இந்துவாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் சமையல்கூடம் முழுக்க அந்த ஒழுங்குக்குள் வர வேண்டும், உங்கள் ஆட்கள் மதியம் கொண்டுவரும் சொந்தச் சோறு உட்பட. சான்றிதழ் இல்லை என்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். சான்றிதழ் உள்ள கூடத்தோடு சேர்ந்து செய்யலாம். நாங்கள் முதல் ஐந்து வருடம் அப்படித்தான் செய்தோம்.

அதோடு, சாப்பாட்டைத் தொடும் ஒவ்வொருவருக்கும் உணவு கையாளுநர் பயிற்சிச் சான்றிதழும் டைஃபாய்டு ஊசியும் வேண்டும். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் கேட்பது இது. ஊசியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். டின்னருக்கு முதல் நாள் தேடினால் கிடைக்காது. ஒரு கோப்பில் போட்டுச் சமையல்கூடத்திலேயே வைத்திருங்கள்.

காத்திருக்கத் தெரிந்த பதார்த்தம்

எங்கள் முதல் பெரிய டின்னரில் மூன்றாவது பதார்த்தமாக செனாங்கின் மீன் வறுவல் போட்டோம். தம்பி மீன் வறுத்தால் தெருவே வாசம் பிடிக்கும். எண்ணெயிலிருந்து எடுத்து அடுக்கியபோது மணி எட்டே முக்கால். அப்போது மேடைக்கு ஒருவர் ஏறினார். நிரலில் அவர் பெயருக்கு எதிரே ஐந்து நிமிடம் என்று இருந்தது. இறங்கும்போது ஒன்பது இருபது. ஹாட் பாக்ஸைத் திறந்தேன். மேல் தோல் ஈரத்துணி மாதிரி தொங்கியது, மீன் தன் ஆவியிலேயே வெந்து வெளுத்திருந்தது. 180 பேருக்கு அதைத்தான் வைத்தோம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வீட்டு அம்மா என் கையைப் பிடித்துச் சிரித்தார். அப்புறம் கூப்பிடவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு பதார்த்தம் மெனுவுக்குள் வருமுன் எங்களிடம் ஒரு சோதனை உண்டு. சமைத்து ஹாட் பாக்ஸில் வைத்து மூட வேண்டும். 45 நிமிடம் கழித்து ஒரு தட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு தட்டு. அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் யாரும் ருசி பார்க்கவே கூடாது. அந்த ருசி விருந்தாளிக்குக் கிடைக்கப் போவதில்லை.

இந்தச் சோதனையில் ஆட்டிறைச்சி குருமா முதல் மாணவன். முக்கால் மணி நேரத்தில் முன்பைவிட நன்றாக இருக்கும். ரெண்டாங், தம் போட்ட பிரியாணி, தால்ச்சா எல்லாம் தேறிவிடும். நெய்ச்சோறு தேறும், ஆனால் மேலே ஈர மஸ்லின் துணி போட்டு மூட வேண்டும், இல்லையென்றால் மேல் அங்குலம் அரிசியாகவே திரும்பிவிடும். இறால் சுருங்கும். பன்னீர் ரப்பராகும். பீன்ஸ் பொரியல் சூட்டிலேயே கிடந்தால் பச்சை போய்க் காக்கி நிறமாகும். அதனால் பீன்ஸை உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துப் போங்கள், தாளிப்பைத் தட்டு போடுவதற்குச் சற்று முன் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்பளம், பூரி, வடை, தோசை, இவற்றுக்குப் பொறுமை கிடையாது. வடை வேண்டும் என்று ஏற்பாட்டாளர் அடம்பிடித்தால், விருந்தினர் நின்றுகொண்டு குளிர்பானம் குடிக்கும் நேரத்தில் கொடுத்துவிடுங்கள், அப்போதைக்கப்போது பொரித்து.

ரசம் ஒரு தனிக் கதை. சிறிய கண்ணாடிக் குவளையில் ரசம் கொடுத்தால் மலாய்க்காரர், சீனர், வெள்ளைக்காரர் எல்லாரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். செலவும் குறைவு. ஆனால் கொதித்துக்கொண்டே இருந்த ரசம் புளித்தண்ணீர்தான். தாளிக்காத ரசத்தைப் பெரிய பாத்திரத்தில் நல்ல சூட்டோடு வைத்திருங்கள். கடைசிப் பேச்சாளர் "இறுதியாக" என்று சொல்லும்போது நெய்யில் கடுகு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்து, கொத்தமல்லித் தழையோடு கொட்டி மூடுங்கள். (இரண்டாவது "இறுதியாக" வரும் வரை பொறுத்திருங்கள். முதலாவதை யாரும் நம்புவதில்லை.) ஐந்து நிமிடத்தில் ஊற்றி அனுப்பிவிட வேண்டும். மூடியைத் திறக்கும்போது எழும் வாசனை மண்டபத்துக்குள் போகும்படி பரிமாறும் பையன்களை வாசல் பக்கமாகவே நிறுத்துவேன்.

முதல் பதார்த்தம் குளிர்ந்ததாக இருக்கட்டும், விருந்தினர் உட்காருமுன் மேசையில் இருக்கட்டும். பேச்சு எவ்வளவு நீண்டாலும் உங்களுக்கு அது ஒரு காப்புறுதி. நாங்கள் தம்பூன் பம்பளிமாஸ் சுளையும் மாங்காயும் வறுத்த தேங்காய்த் துருவலும் சேர்த்து ஒரு கெராபு, அதாவது மலாய் பாணி சாலட், வைக்கிறோம். சாஸை ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும், ஊற்றிவிட்டால் பழம் தண்ணீர் விடும். இதையே பை தீ என்னும் மொறுமொறு மாவுக் கூட்டுக்குள் வைத்துத் தாருங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பினாங்கு என்றால் பை தீ இல்லாமலா! ஆனால் அந்தக் கூடு சில நிமிடத்திலேயே நமுத்துவிடும். கையில் வாங்கி உடனே வாயில் போடும் இடத்தில்தான் அதற்கு வேலை. கடைசி இனிப்பும் குளிர்ந்ததே. குலா மெலாக்கா என்னும் பனைவெல்லப் பாகு ஊற்றிய ஜவ்வரிசிப் பாயசம் சின்னக் கிளாஸில். குளிர்பெட்டியில் இருக்கும் வரை அது யாருக்காகவும் காத்திருக்கும். வரவேற்பு பானத்துக்கு பாலிக் பூலாவ் ஜாதிக்காய்ச் சாறும் அதில் ஆசாம் போய் என்னும் உப்பிட்டு உலர்த்திய பிளம் ஒன்றும் போதும். கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் அதைப் பற்றி இரண்டு கேள்வியாவது கேட்பார்கள். மேசையில் பேச்சு தொடங்கிவிடும்.

காத்திருப்பு என்றால் எல்லையில்லாக் காத்திருப்பு இல்லை. சூடானது 60 பாகைக்கு மேலேயே இருக்க வேண்டும், குளிர்ந்தது 4 பாகைக்குக் கீழே. சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிய வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. ஒன்பதரைக்கு வாயில் போகும் குருமாவை மதியம் இரண்டு மணிக்கே இறக்கிவிட்டால் கணக்கு தவறிவிட்டது. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். தேங்காய்ப் பால் சேர்ந்த பதார்த்தம் என்றால் இன்னும் கவனம்.

சைவம் ஒன்று இல்லை, மூன்று

"சைவம் 30 பேர்" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். நம் ஆட்களின் சைவத்தில் முட்டை கூடாது, வெங்காயம் பூண்டு பெரும்பாலும் சரி. சீனர்களில் சிலர் முட்டை சாப்பிடுவார்கள். ஆனால் பௌத்த முறையில் கடுமையாக இருப்பவர்கள் வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் வகைகள் எதையும் தொடமாட்டார்கள். இங்கேதான் எங்களுக்கு ஒரு குட்டு விழுந்தது. வெங்காயம் பூண்டு இல்லாமல் சாம்பார் வைக்கும்போது நாம் என்ன செய்வோம்? பெருங்காயத்தை ஒரு கிள்ளு கூடப் போடுவோம். தம்பியும் பெருமையாகப் போட்டான். அவர்கள் விலக்கும் ஐந்து நெடிப்பொருள்களில் பெருங்காயமும் ஒன்று என்று அந்த மேசையிலிருந்த ஒரு சீனப் பாட்டி எனக்குப் பொறுமையாக விளக்கினார். இப்போது அவர்களுக்குத் தாளிப்பு இஞ்சியும் மிளகும்தான். மூன்றாவது வகை ஜைனர்கள். மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு எதுவும் ஆகாது. உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இன்னும் எச்சரிக்கை. நமக்குப் புரட்டாசி. சீனர்களுக்கு அவர்களின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள் ஒன்பது பேரரசர் விழா, தெருவெல்லாம் மஞ்சள் கொடி. பல ஆண்டுகளில் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே வரும். அந்த நாள்களில் சைவத்தின் எண்ணிக்கையை ஏற்பாட்டாளர் சொன்னதைவிடக் கூட்டியே சமைப்பேன். மாட்டிறைச்சி எந்த மாதமானாலும் எங்கள் மெனுவில் கிடையாது. இந்துக்களுக்காக மட்டும் இல்லை, கருணைத் தெய்வமான குவான் யின்னைக் கும்பிடும் சீனர்கள் பலரும் தொடுவதில்லை.

பாலமும் பிளக்கும்

சமையல்கூடம் பெருநிலத்தில், டின்னர் தீவில் என்றால் நடுவில் 13.5 கிலோமீட்டர் பாலம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அதில் மாட்டியவர்களுக்குத் தெரியும். ஃபெரியில் வேனை ஏற்றிய காலம் போய்விட்டது. இப்போது ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும்தான். பத்து காவானிலிருந்து போகும் இரண்டாவது பாலம் சுற்றுவழி, ஆனாலும் வழி. ஒரு வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். இரண்டு லோரி எடுங்கள், ஒவ்வொன்றிலும் பாதிச் சோறு, பாதிக் குருமா. ஒன்றில் சோறு முழுக்க, மற்றதில் குருமா முழுக்க என்று பிரித்தால் எது நின்றாலும் டின்னர் நின்றுவிடும். பாத்திரம், அடுப்பு, தட்டு எல்லாம் மதியம் மூன்று மணிக்கே பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும். சமைத்தது கடைசியில் போகட்டும், அந்த நான்கு மணி நேரக் கணக்குக்குள்.

ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடங்களில் டின்னர் வைப்பது இப்போது நாகரிகம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்தே அந்தச் சுவர்களுக்கு மவுசு. படத்தில் அழகாக இருக்கும். உள்ளே போய்ச் சுவரில் இருக்கும் பிளக்கை எண்ணுங்கள். 13 ஆம்பியர் பிளக் ஒன்று ஏறக்குறைய 3,000 வாட்தான் தாங்கும். காப்பி கொதிக்கவைக்கும் அண்டா ஒன்றே 2,500 வாட் இழுக்கும். ஒருமுறை என் ஆள் ஒருவன் அதே பிளக்கில் நீட்டு வயர் போட்டு இரண்டு வார்மரையும் மாட்டிவிட்டான். பாதி மண்டபம் இருண்டது, ஒலிபெருக்கியும் போயிற்று. பேசிக்கொண்டிருந்தவர் அத்தோடு இறங்கிவிட்டார் என்பது ஒரு நன்மை. ஆனாலும் அன்று இரவு எனக்குக் கிடைத்த வசவு கொஞ்சமில்லை. இப்போது சொந்த ஜெனரேட்டர் இல்லாமல் எந்தப் பழைய கட்டடத்துக்கும் போவதில்லை. அதை வாசலுக்கு எதிர்ப்பக்கம், காற்று போகும் திசையில் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் டீசல் வாசனைதான் முதல் பதார்த்தம். சமையல் பகுதி பெரும்பாலும் வெளிப்புல்வெளியில் கனோபிக்குக் கீழே இருக்கும். மழைக்குப் பக்கத் துணியும், அங்கிருந்து மண்டபத்துக்குள் போகும் வழிக்கு ஒரு கூரையும் சேர்த்தே பேசுங்கள். அந்த வழியை நீங்களே நடந்து அடி எண்ணுங்கள். அறுபது அடிக்கு மேல் என்றால் ஆள் கூட்ட வேண்டும்.

தட்டு போடும் இருபது நிமிடம்

240 தட்டு, 20 நிமிடம். நிமிடத்துக்கு 12 தட்டு. ஒரே வரிசையில் இது நடக்காது. இரண்டு நீள மேசை போட்டு இரண்டு வரிசையாகப் பிரியுங்கள், ஒரு தட்டுக்குப் பத்து விநாடி கிடைக்கும். ஒவ்வொரு வரிசையிலும் ஆறு பேர். முதல் ஆள் சூடான தட்டை வைத்து நெய்ச்சோற்றை அச்சில் அமுக்கிக் கவிழ்க்கிறார். அடுத்தவர் குருமா, சோற்றின் மேல் படாமல் பக்கத்தில். மூன்றாமவர் பீன்ஸ். நான்காமவர் மேலே தூவுவதற்கு வறுத்த முந்திரியும் தழையும். ஐந்தாமவர் கையில் ஈரத்துணி, விளிம்பில் பட்ட குழம்பைத் துடைப்பது மட்டும்தான் அவர் வேலை, வேறு எதையும் தொடக்கூடாது. ஒரு வரிசையில் ஆறாவது ஆள் நான். தட்டைத் திருப்பிப் பார்த்து மூடி போடுவேன். எல்லாத் தட்டிலும் சோறு ஒரே பக்கம் இருக்க வேண்டும். இது ஹோட்டலில் கற்றது: அடுத்த ஆளின் தட்டு தன்னுடையதைப் போலவே இருக்கிறதா என்று டான்ஸ்ரீயும் பார்ப்பார், டிரைவரும் பார்ப்பார்.

வேலை தொடங்குமுன் ஒரு மாதிரித் தட்டைப் போட்டு வரிசையின் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். வாயால் விளக்கினால் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு விதமாகப் புரிந்துகொள்வார்கள்.

பரிமாறுவதற்கு ஆளுக்கு இரண்டு மேசை என்று பிரித்துவிடுவதுதான் பலரும் செய்யும் வேலை. அப்படிச் செய்தால் ஒரே மேசையில் மூன்று பேர் சாப்பிட, ஏழு பேர் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். நான்கு பேர் ஒரு குழுவாகப் போகட்டும். மூன்று தட்டு இருவர், இரண்டு தட்டு இருவர், பத்துப் பேர் மேசை ஒரே நடையில் முடிந்தது. 24 மேசைக்கு 16 பேர், நான்கு குழு. ஒரு குழுவுக்கு ஆறு நடை, நடைக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. முதல் மேசைக்கு மட்டும் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு தட்டு, எல்லாத் தட்டும் ஒன்றாக மேசையைத் தொட வேண்டும். கேப்டன் தலையசைத்ததும் வைக்கிறோம். இதைக் காலி மண்டபத்தில் காலித் தட்டோடு மூன்று தடவையாவது பழக்கிவிடுங்கள்.

எந்தப் பக்கமிருந்து பரிமாறுவது என்று புத்தகத்துக்குப் புத்தகம் வேறுபடும். எங்கள் வழக்கம் எளிது: விருந்தினரின் வலப்பக்கம் நின்று வலக்கையால் வைப்பது. இடக்கை யாருடைய முகத்துக்கு முன்னாலும் போகாது. நமக்கும் மலாய்க்காரர்களுக்கும் அது மரியாதை. கையால் சாப்பிடும் மேசைக்குக் கெண்டியில் தண்ணீர் கொண்டுபோங்கள். நாமும் கெண்டி என்கிறோம், அவர்களும் கெண்டி என்கிறார்கள்.

பட்டங்களைப் பையன்களுக்கு மாலையிலேயே சொல்லிக்கொடுங்கள். துன்னின் மனைவி தோ புவான், டான்ஸ்ரீயின் மனைவி புவான்ஸ்ரீ, டத்தோவின் மனைவி டத்தின். ஆனால் தன் உழைப்புக்காகப் பட்டம் வாங்கிய பெண்மணி டத்தோதான். எங்கள் பையன் ஒருவன் அப்படி ஒருவரை இரவு முழுக்க "டத்தின், டத்தின்" என்று அழைத்தான். மூன்றாவது பதார்த்தத்தில் அந்த அம்மாவே அவனைக் கூப்பிட்டு, "தம்பி, என் வீட்டுக்காரருக்குப் பட்டம் கிடையாது, எனக்குத்தான்" என்றார். முதல் மேசையில் யார் யார், எந்த நாற்காலி, எந்தப் பட்டம், என்ன சாப்பிடமாட்டார் என்று ஒரு சின்ன அட்டையில் எழுதி அந்த மேசைக்குப் போகும் ஆளின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, மறக்காதீர்கள்: மாலை ஐந்தரைக்கு உங்கள் ஆட்கள் வயிறாரச் சாப்பிட்டிருக்க வேண்டும். பாதிப் பேர் காலேஜ் பிள்ளைகள், காலையிலிருந்து ஒரு ரொட்டி சானாயோடு வந்திருப்பார்கள். பசியோடு தட்டுத் தூக்கினால் கை நடுங்கும், கண் தட்டிலேயே இருக்கும்.

மேசைத் துணி, பணம், மற்றவை

வாடகைத் துணி எடுக்கும்போது அளவு சொல்லத் தெரிய வேண்டும். பத்துப் பேர் உட்காரும் ஆறடி வட்ட மேசை 72 அங்குலம், உயரம் 30. இரு பக்கமும் தரை வரை தொங்க 132 அங்குலத் துணி. 120 வாங்கினால் மேசைக்கால் தெரியும், படத்தில் அதுதான் முதலில் விழும். பூ லிட்டில் இந்தியாவில் வாங்கலாம். ஆனால் மேசை நடுவில் மல்லிகையைக் குவித்துவிடாதீர்கள், சாப்பாட்டு வாசனையை அது அமுக்கிவிடும். எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்கும் உயரமும் வேண்டாம்.

பணம்: பாதி முன்பணம், மீதி டின்னருக்கு முன். கடைசி எண்ணிக்கை ஏழு நாளுக்கு முன் எழுத்தில். அதற்குக் கீழே குறைந்தாலும் அந்தக் கணக்குக்கே பணம் என்று சொல்லிவிடுங்கள். நம்மவர்களிடம் வருவீர்களா என்று கேட்டால் "பாக்கலாம்" என்பார்கள், வரும்போது இரண்டு பேரைக் கூட்டியும் வருவார்கள். அதற்காக நூற்றுக்கு ஐந்து கூடச் சமைக்கிறோம். தட்டும் நாற்காலியும்கூட அதே அளவுக்குக் கூட இருக்க வேண்டும். தலைக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று விலை சொல்லும்போது லோரி, ஜெனரேட்டர், ஐஸ், திரும்பக் கொண்டுவந்து பாத்திரம் கழுவும் ஆள் கூலி எல்லாம் அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு முதல் வருடம் இலாபமே பாத்திரம் கழுவுவதில்தான் போனது.

கடைசி விருந்தினர் போகும்போது மணி பன்னிரண்டு ஆகும். எல்லாரும் களைத்திருப்பார்கள். மிச்சச் சோறு நேரம் தாண்டியிருந்தால் யாருக்கும் கொடுக்காமல் கொட்டிவிடுங்கள், மனசு வலித்தாலும். பிறகு கரண்டி, முள்கரண்டி, கத்தி, குவளை எல்லாவற்றையும் அங்கேயே எண்ணுங்கள். கூடத்துக்குப் போய் எண்ணிக்கொள்ளலாம் என்று ஏற்றிவிட்டால் காணாமல் போனது போனதுதான். மேசைத் துணிகளை உதறாமல் லோரியில் போடாதீர்கள். குறைகிற தேக்கரண்டிகளில் பாதி அந்த மடிப்புக்குள்தான் இருக்கும்.